பொருநை ஒன்று, பானை இரண்டா?
(ஏரலில் ஆற்றிய உரை)



இவ்வூரை நனைக்கும் பொருநை, சேரன்மாதேவியைத் தொட்டே இங்கு வருகிறது. அங்கே 1920களில் வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலம் நடத்தினார். அவர் நாட்டு விடுதலைக்கு உழைத்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பேராயக் கட்சியும் பொதுமக்களும் பொருள் நல்கினர். ஆயினும், பார்ப்பனச் சிறுவர்க்கு வேறு பந்தி. பிறர்க்கு வேறு பந்தி. தண்ணீர்ப் பானையும் வேறு!

ஓமந்தூர் இராமசாமியாரின் மகன் இதனைத் தந்தையிடம் சொன்னான். தந்தை மகனை வாயடக்கவில்லை, பெரியாரிடம் எடுத்துரைத்தார். பெரியாரும் வரதராசலு நாயுடுவும் நாடறியக் கேட்டனர். 1925இல் தமிழ்நாட்டுப் பேராயக் குழு, பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாதென முடிவு செய்தது.

இதனால் அறிவது யாது? வேற்றுமை வசைச்சொல்லாகவே வரும் என்பதில்லை. இலையாகவும் பானையாகவும் ஓசையின்றி வரும். நல்லவர் நடத்தும் நிலையத்துள்ளும் வரும். வாயிலில் தொங்கும் தமிழ்ப் பெயர்ப்பலகை அதனைத் தடுத்துவிடாது.

2012இல் பல்கலைக்கழக நல்கைக் குழு, கல்லூரிதோறும் வேற்றுமை தடுக்கும் அலுவலர் வேண்டுமென விதித்தது. விதி நன்றே. ஆனால், முறையீடு வீட்டிலன்றோ தொடங்குகிறது! பிள்ளை சொன்னால் செவிகொடுங்கள். நாளும் இடமும் குறித்து எழுத்தில் கொடுங்கள். அவனைத் தனியே விடாது உடன் செல்லுங்கள்.

கைக்கயிற்றின் நிறத்தால் சாதி காட்டும் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருப்பின், முதலில் அக்கயிற்றை அவிழுங்கள்!