வலிப்பும் இல்லறமும்



சூடான தோசைக்கல்லில் தெரியாமல் விரல் பட்டால் என்ன ஆகிறது? "ஐயோ, சுடுதே" என்று நினைப்பதற்குள் கை தானாகவே பின்னால் வந்துவிடுகிறது. விரலிலிருந்து சேதி நரம்பு வழியாக முதுகுத் தண்டுக்குப் போய், அங்கிருந்தே "கையை எடு" என்று உத்தரவு திரும்பிவிடுகிறது. மூளைக்கு விஷயம் பிறகுதான் எட்டும். மற்றபடி நடக்க, பேச, யோசிக்க எல்லாவற்றுக்கும் மூளைதான் எஜமான். இந்தச் சேதிகள் மிக மிகச் சிறிய மின்சாரமாக நரம்புகளில் ஓடுகின்றன.

சிலருக்கு மூளையில் இந்த மின்சாரம் திடீரென்று தாறுமாறாகக் கிளம்பிவிடும். கை கால் வெட்டி இழுக்கும், நினைவு தப்பும், வாயில் நுரை தள்ளும். இதைத்தான் காக்காய் வலிப்பு என்கிறோம். சிலருக்கு இழுப்பே இராது. பேச்சின் நடுவே சில நொடி வெறித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். தலையில் அடி, மூளைக் காய்ச்சல், அசுத்தமான உணவோடு வயிற்றுக்குள் போகும் நாடாப்புழு முட்டை இவற்றாலும் வலிப்பு வரலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தொட்டால் ஒட்டாது.

கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர் வழக்கம். வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானே நிற்கிறது. பெயர் என்னவோ சாவிக்குப் போகிறது! ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிஷம் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால், 108-க்குச் சொல்லுங்கள்.

இனி வீட்டு விஷயம். பெண்ணுக்கு வலிப்பு உண்டென்பதை மறைத்துக் கல்யாணம் செய்துவிடுகிறார்கள். அந்தப் பெண் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். ஒரு நாள் விழுங்குகிறாள், இரண்டு நாள் விடுகிறாள். திடீரென்று விட்டால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும், உயிருக்கே ஆபத்தாகும். மாப்பிள்ளை வீட்டாரும் சளைத்தவர்கள் இல்லை. பையனுக்கு வலிப்பு என்றால் "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்பார்கள். தாலி கட்டினால் நரம்பு எப்படிச் சரியாகும்? முன்பு இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்துப் பேரில் சுமார் ஏழு பேருக்கு வலிப்பு அடங்கிவிடுகிறது. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது கணவன் வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

"புள்ள உண்டாயிருக்கேன், மாத்திரை ஆகாதே" என்று தாமாக நிறுத்துகிறவர்கள் அநேகம். நிறுத்தாதீர்கள் அம்மா. வலிப்பில் விழுந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் கேடு. ஆனால் வால்ப்ரோயேட் என்ற மருந்து சிசுவைப் பாதிக்கக்கூடும். அதனால் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே கணவனும் மனைவியுமாக டாக்டரைப் பாருங்கள். மருந்தை மாற்றவேண்டுமானால் அவர் மாற்றுவார், ஃபோலிக் அமில மாத்திரையும் முன்கூட்டியே தருவார். வலிப்பு உள்ள தாய்மாரில் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தையே பெறுகிறார்கள்.

இதுவரை வலிப்பே வராத பெண்ணுக்கு, ஐந்து மாதத்துக்கு மேல் முகம் வீங்கி, தலைவலி வந்து, கண் மங்கி, இழுப்பு கண்டால் அது வேறு. ரத்தக் கொதிப்பால் வரும் ஜன்னி அது. பிரசவமான பிறகும் வரலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பிள்ளை பிறந்த பின் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் வலிப்பு எட்டிப் பார்க்கும். இரவில் ஒரு தடவையாவது குழந்தையைக் கணவன் பார்த்துக்கொள்ளட்டும். தாய் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பால் கொடுக்கட்டும். குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட வேண்டாம்.

அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிட்டாயின், கார்பமசிப்பின் சாப்பிடுகிறவர்களுக்குக் கர்ப்பத்தடை மாத்திரையின் சக்தி குறைந்துவிடும். "மாத்திரை போட்டும் தரிச்சிடுச்சே" என்று பிறகு திகைக்க வேண்டியிருக்கும். அவர்களுக்குக் காப்பர்-டி ஏற்றது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, சாப்பிடுகிற வலிப்பு மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.