தாளில் இல்லாத சுரம்: ஓபராவில் பாடகர்களின் இடம்

யார் நினைவாக இந்த அறக்கட்டளைப் பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவர் மேலை இசைத்தட்டுகளை வீடு நிறையச் சேர்த்து, வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துப் போட்டுக் காட்டியவர். அவரை அருகிலிருந்து அறிந்தவர்கள் எனக்கு முன்பே பேசிவிட்டார்கள். நான் பொருளுக்கு வருகிறேன்.

பொருள் என்னவென்று முன்வரிசையில் இருக்கும் என் சக ஆசிரியர்களுக்குத் தெரியும். பாடத்திட்டக் குழு கூடும்போதெல்லாம் அவர்களோடு நான் மோதியது இதில்தான். ஓபரா வரலாறு என்று நாம் நடத்துவது மொன்டவெர்டியில் தொடங்கி மோட்சார்ட், ரொஸ்ஸினி, வெர்டி, வாக்னர், புச்சினி என்று போகும் ஒரு பெயர் வரிசை. எல்லோரும் இயற்றியவர்கள். பாடியவர் ஒருவர்கூட அதில் இல்லை. "பாடகர்கள் வருவார்கள், போவார்கள், எழுதிய இசை நிற்கும்" என்பது நண்பர்கள் தரும் பதில். எழுதிய இசை அப்படியே நிற்க, ஓபரா தலைகீழாக மாறிய ஒரு நிகழ்ச்சியை இன்று முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

ரொஸ்ஸினியின் 'வில்லியம் டெல்' பாரிஸ் ஓபராவில் 1829 ஆகஸ்ட் 3 அன்று அரங்கேறியது. அதில் ஆர்னால்ட் என்ற இளைஞன் வேடத்தை முதலில் பாடியவர் அடோல்ஃப் நூரி. டெனார் குரலின் உச்சியில் நிற்கும் மேல் 'ஸி' சுரம் அந்த வேடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. நூரி அந்த உயரத்துக்குப் போகும்போது நெஞ்சுக்குரலை விட்டுத் தலைக்குரலுக்கு மாறிக்கொள்வார். அந்தக் காலத்து டெனார்கள் எல்லோருக்கும் அதுதான் முறை. குரல் மாறும் இடம் காதுக்குத் தெரியாதபடி இழைப்பதுதான் வித்தை.

இங்கே மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தலைக்குரல் என்றதும் நம் பாட்டு வாத்தியார்கள் சொல்லும் 'கள்ளக்குரல்' என்ற சொல் உங்கள் நாக்கில் வந்து நிற்கும். நம்மிடையே அது குறை சொல்லும் சொல். அதை நூரியின் மேல் போட்டால், அவர் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு எழுதியவர்கள் ஆவோம். 1829இல் அது கள்ளம் அல்ல, நயம்.

நூரி வெறும் பாடகரும் அல்ல. 1832இல் அரங்கேறிய 'லா சில்ஃபீத்' பாலேவின் கதையை எழுதியவர் அவர். ஷூபர்ட்டின் பாடல்களைப் பாரிஸ் கேட்கும்படி செய்தவர்களில் முதன்மையானவர். ஆலெவியின் 'லா ழுவீவ்', மேயர்பேரின் 'லே ஹியூகனோ' ஆகியவற்றின் நாயகர்களும் அவர் குரலில்தான் பிறந்தார்கள். ஒரு பாட்டு எங்கே வரவேண்டும், ஒரு காட்சி எப்படி முடியவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதை இயற்றியவர்கள் ஏற்று மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

இனி ழில்பேர் துப்ரே. 1806இல் பாரிஸில் பிறந்தவர். 1825இல் ஓதெயோன் அரங்கில் மென்மையான சிறு குரலோடு மேடை ஏறியபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிழைப்புத் தேடி இத்தாலி போனார். அங்கே கனத்த குரலில் பாடும் டெனார்களைக் கேட்டுத் தன் குரலை அடியோடு மாற்றிக்கொண்டார். 1831இல் லுக்கா நகரில் 'வில்லியம் டெல்' இத்தாலிய மொழியில் நடந்தபோது, ஆர்னால்டின் அந்த மேல் ஸியைத் தலைக்குரலுக்கு மாறாமல் முழு நெஞ்சுக்குரலிலேயே பாடினார். 1835இல் நேப்பிள்ஸின் சான் கார்லோவில் 'லூச்சியா டி லாம்மர்மூர்' அரங்கேறியபோது எட்கார்டோ வேடத்தை டோனிஸெட்டி இந்தக் குரலுக்காகவே எழுதினார்.

பாரிஸ் ஓபரா துப்ரேயை அழைத்தது. நூரியும் அவரும் சேர்ந்து முதல் டெனார்களாக இருக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. 1836 அக்டோபரில் ஒரு நாள், துப்ரே அரங்கில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று மேடையில் இருந்த நூரிக்குத் தெரியவந்ததும் அவர் குரல் கம்மிப்போனது. சில நாளில் பதவியைத் துறந்தார். 1837 ஏப்ரல் 1 அன்று அவருக்குப் பிரிவுபசார நிகழ்ச்சி. அதே மாதம் 17ஆம் தேதி, அதே மேடையில், அதே ஆர்னால்ட் வேடத்தில் துப்ரே. நாலாம் அங்கத்தில் கொலையுண்ட தந்தையின் வீட்டு முன் நின்று பாடும் பாட்டில் நெஞ்சிலிருந்து அந்த ஸி எழுந்தபோது அரங்கம் வெறிகொண்டது. ரொஸ்ஸினிக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை. கழுத்தறுபடும் சேவலின் கத்தலுக்கு அதை ஒப்பிட்டார் என்று ஒரு கதை உண்டு. தான் எழுதிய சுரம் தனக்கே பிடிக்காத ஒலியாகி ஊரை ஆளுவதை அவர் உயிரோடு இருந்து பார்த்தார். 1868 வரை வாழ்ந்தும் 'டெல்'லுக்குப் பிறகு அவர் ஓபராவே எழுதவில்லை. அதற்குக் காரணங்கள் பல. துப்ரே வருமுன்பே அவர் பேனாவை வைத்துவிட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியக்குழு பெருத்தது, அரங்கம் பெருத்தது, அதனால் குரலும் பெருக்க வேண்டியதாயிற்று என்பது நண்பர்களின் இன்னொரு வாதம். கணக்குப் பார்ப்போம். பாரிஸின் லெ பெலெத்தியே அரங்கம் திறந்தது 1821இல். நூரி பாரிஸ் ஓபராவில் அறிமுகமானதும் அதே ஆண்டு. பதினாறு ஆண்டுகள் அதே சுவர்களுக்குள், மேயர்பேரின் பெரும் வாத்தியக்குழுவுக்கு மேலே அவர் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அரங்கம் மாறவில்லை, சுரக்குறிப்பு மாறவில்லை. மாறியது ஒரு மனிதனின் தொண்டையும், அதைக் கேட்ட மற்றவர்களின் காதும்தான்.

நூரியின் முடிவைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அவர் நேப்பிள்ஸுக்குப் போய், டோனிஸெட்டியிடம் மாணவனாக உட்கார்ந்து, இத்தாலிய முறையில் குரலைத் திருத்தப் பார்த்தார். புதுக்குரல் முழுதாக வரவில்லை; பழைய தலைக்குரலும் கைவிட்டுப் போனது. அவருக்காக டோனிஸெட்டி எழுதிய 'பொலியூத்தோ', கிறிஸ்தவப் புனிதர் ஒருவரை மேடையேற்றுகிறது என்று 1838இல் அரச ஆணையால் தடைபட்டது. 1839 மார்ச் 8 அன்று தங்கியிருந்த கட்டடத்தின் மேலிருந்து குதித்து உயிர்விட்டார். உடல் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டபோது மார்செய் தேவாலயத்தில் நடந்த வழிபாட்டில் ஆர்கன் வாசித்தவர் ஷோபான். வாசித்தது நூரி நேசித்த ஷூபர்ட்டின் பாடல். தடைபட்ட 'பொலியூத்தோ' 1840இல் 'லே மார்த்தீர்' என்ற பெயரில் பாரிஸ் மேடை ஏறியது. நாயகனாகப் பாடியவர் துப்ரே. இந்த வரியை ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்லும்போதும் எனக்குச் சற்று நேரம் பேச்சு வராது.

துப்ரேயும் விலை கொடுத்தார். 1840களின் முடிவுக்குள் அவர் குரல் தேய்ந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. லியோன் நகர மருத்துவர்கள் திதே, பெத்ரெகேன் இருவரும் இந்த 'இருண்ட குரலில்' குரல்வளை கீழேயே நிலைத்து நிற்பதை ஆராய்ந்து 1840இல் எழுதினார்கள். வெர்டி 1847இல் பாரிசுக்காக 'ழெரூசலெம்' எழுதியபோது முதல் டெனார் துப்ரேதான்.

வெர்டியைச் சொன்னதால் இன்னொன்று. 1853இல் ரோமில் அரங்கேறிய 'இல் த்ரொவத்தோரே'யில், மன்ரீகோ மூன்றாம் அங்க முடிவில் பாடும் மேல் ஸியை உலகமே அறியும். வெர்டியின் தாளில் அது இல்லை. டெனார்கள் சேர்த்தது. 2000 டிசம்பர் 7 அன்று மிலானின் லா ஸ்கலாவில் ரிக்கார்டோ மூத்தி தாளில் உள்ளபடியே நடத்த, அந்த ஸி ஒலிக்காததற்கு மேல்மாடி ரசிகர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். எழுதாத சுரத்துக்காக எழுதியவரின் நாட்டிலேயே எழுந்த குரல் அது. நண்பர்களின் பாடத்திட்டத்தில் இதற்கு எங்கே இடம்?

பெண் குரல்களுக்குத் தனிப்பொழிவே வேண்டும். ரொஸ்ஸினியின் நேப்பிள்ஸ் ஓபராக்கள் இசபெல்லா கோல்பிரானின் குரலை அளந்து தைத்த சட்டைகள். மேயர்பேரின் 'லெ ப்ரொஃபெத்'தில் 1849இல் தாயாக நின்ற போலீன் வியார்தோவையும், 1957இல் லா ஸ்கலாவில் மறந்துபோன 'அன்னா பொலேனா'வுக்கு உயிர் கொடுத்த மரியா கல்லாஸையும் பெயரளவில் சொல்லிக் கடக்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். ஆய்வு மாணவர்களுக்குச் சில: 1859இல் பிரான்ஸ் சுருதியை 435 ஹெர்ட்ஸ் என்று சட்டமாக்கியது, அதற்கு முன் இந்த மேல் ஸி உண்மையில் எந்த உயரத்தில் ஒலித்தது என்று ஊர் ஊராகக் கணக்கிடலாம். மானுவேல் கார்சியாவின் குரல்வளைக் கண்ணாடியையும் திதே, பெத்ரெகேன் கட்டுரையையும் சேர்த்துப் படிக்க ஒருவர் முன்வரலாம். 1902இல் மிலானில் கருசோ பதிவுசெய்த தட்டுகளில் நெஞ்சுக்குரல் எந்தச் சுரத்தில் மூடுகிறது என்று அளக்க இன்று கணினியே போதும். அந்தத் தட்டுகளின் மறுபதிப்புகள் அறக்கட்டளைப் பெரியவரின் அலமாரியில் இருக்கின்றன; குடும்பத்தார் கேட்க அனுமதிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.