முயல் வளர்ப்பு: குட்டியைக் காப்பாற்றினால்தான் காசு



"முயல் வாங்கிக் கட்டினா மாசாமாசம் வருமானமாமே, சார்?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. முயல் மளமளவென்று குட்டி போடும், உண்மைதான். ஆனால் போட்ட குட்டி பிழைத்தால்தான் காசு. அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில், காட்டு முயலைப் பிடித்து வளர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தவிர, அது வேறு இனம். வீட்டு முயலோடு சேர்ந்து குட்டி போடாது. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வாங்குங்கள். ஒரு ஆண், மூன்று பெண் என்று ஆரம்பித்தால் போதும். ஆணும் பெண்ணும் ஒரு தாய் வயிற்றுக் குட்டிகளாக இருக்கக் கூடாது.

ஆறு மாத வயதில் இனம் சேர்க்கலாம். பெண் முயலைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டு போக வேண்டும். மாற்றி விட்டால் சண்டைதான் மிஞ்சும். சினைக் காலம் சுமார் 30 நாள். சேர்த்த தேதியைக் கூண்டிலேயே எழுதி வையுங்கள். 27ஆம் நாள் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள். தாய் தன் மயிரைப் பிடுங்கி மெத்தை போடும். அதை நோய் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

"தாய் பாலே குடுக்கலைங்க" என்பார்கள். முயல் நாளுக்கு ஒரு தடவை, அதுவும் சில நிமிஷம்தான் பால் கொடுக்கும். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ கொடுப்பதால் நம் கண்ணில் படாது. காலையில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உப்பியிருந்தால் குடித்திருக்கிறது. ஒட்டிக் கிடந்தால் அதே சமயம் ஈன்ற வேறு தாயிடம் சேர்த்து விடுங்கள். இதற்காகவே இரண்டு பெண் முயல்களை ஒரே நாளில் இனம் சேர்ப்பது நல்லது.

அடுத்த எதிரி வெயில். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. காது வழியாகத்தான் சூடு தணியும். கத்திரி வெயிலில் ஆண் முயலின் வீரியமும் குறைந்து போகும். ஆகவே மர நிழலில் கீற்றுக் கொட்டகை போடுங்கள். பக்கத்தில் ஈரச் சாக்குத் தொங்க விடுங்கள். மண் சட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

தீவனத்துக்கு அகத்தி, வேலிமசால், முயல்மசால், அறுகம்புல் எல்லாம் ஏற்றவை. ஈரத்தோடு போடாமல் சற்று வாட வைத்துப் போடுங்கள். சவுண்டல் தழையை அதிகம் போட்டால் மயிர் கொட்டும்.

கடைசியாக ஒன்று. "குட்டியை நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கறி வாங்க ஆள் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். நீலகிரி சாண்டிநல்லாவிலும், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் முயல் வளர்ப்பைப் பற்றிக் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். விற்க வழி தெரிந்த பிறகு கூண்டு செய்யக் கொடுங்கள்.