சம்மனைப் படிக்கத் தெரிய வேண்டும்



இந்த நூலக வாசகர் வட்டத்தில் சட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். ஒரு மாலைப் பொழுதில் சட்டம் முழுவதையும் பேச முடியாது. நான் சில சொற்களைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். சம்மன், வாய்தா, டிகிரி, ரிமாண்ட், ஜாமீன். எல்லாம் நம் ஊர் டீக்கடையில் தினமும் புழங்குகிற சொற்கள்தாம். ஆனால் அதே சொல் அச்சாகி, முத்திரை குத்தி, நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது கை நடுங்குகிறது. அந்தக் காகிதம் நம்மை என்ன செய்யச் சொல்கிறது, எத்தனை நாளுக்குள் செய்யச் சொல்கிறது என்பது பிடிபடுவதில்லை. நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் தோற்றுப்போனவர்களை என் வழக்கறிஞர் தொழிலில் நிறையவே பார்த்துவிட்டேன். பலரைத் தோற்கடித்தது, தெரியாமல் கடந்துபோன ஒரு தேதி.

சம்மனிலிருந்தே தொடங்குகிறேன். நீதிமன்ற அமீனா வீட்டுக்கு வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். நமக்கு மானம் போகிற மாதிரி இருக்கிறது. "வாங்காதே, கையெழுத்துப் போடாதே, வாங்கினால்தானே கேஸு" என்று யாராவது ஒரு பெரியவர் யோசனை சொல்வார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த யோசனை குடும்பத்தையே கவிழ்த்துவிடும். நீங்கள் வாங்க மறுத்தால் அமீனா அதைக் கதவில் ஒட்டிவிட்டு, 'மறுத்துவிட்டார்' என்று அறிக்கை கொடுப்பார். நீதிமன்றம் அதைச் சார்பு செய்ததாகவே, அதாவது உங்களிடம் சேர்த்ததாகவே, எடுத்துக்கொள்ளலாம். வாய்தா அன்று உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். நீங்கள் இருக்கமாட்டீர்கள். எக்ஸ்பார்ட்டி! ஒருதலைப்பட்சத் தீர்ப்பு! உங்கள் பக்கத்து நியாயத்தை ஒரு வரிகூடக் கேட்காமல் வழக்கு முடிந்துவிடும்.

ஆகவே சம்மனைக் கை நீட்டி வாங்குங்கள். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். பிறகு நிதானமாகப் படியுங்கள். தலைப்பில் எந்த நீதிமன்றம் என்று இருக்கும். ஊரில் முன்சீப் கோர்ட் என்கிறோமே, அதுதான் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். அதற்கு மேலே சார்பு நீதிமன்றம், அதற்கும் மேலே மாவட்ட நீதிமன்றம். அடுத்து வழக்கு எண், ஆண்டு. வழக்குப் போட்டவர் வாதி, யார் மேல் போட்டிருக்கிறாரோ அவர் பிரதிவாதி. கூடவே பிராதின் நகல் இருக்க வேண்டும். அதில்தான் உங்கள் மேல் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது இருக்கும். அதற்கு நீங்கள் தரும் பதில் எதிருரை. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டித்துத் தரலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பே ஆகிவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அதை ரத்து செய்யக் கேட்டு 30 நாளுக்குள் மனுப் போடலாம். சம்மனே முறையாக வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு. அதுவும் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு வேண்டும், அந்தக் காரணத்தை நீதிபதி ஏற்க வேண்டும். நாள் கூடக் கூடக் கதவு குறுகிக்கொண்டே போகிறது.

வென்றவர்களும் ஏமாறுகிறார்கள். "டிகிரி வாங்கிட்டேன்" என்று பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். டிகிரி என்கிற தீர்ப்பாணை தானே பணத்தைக் கொண்டுவந்து கொடுக்காது. பணம் வசூலாக, நிலம் கைக்கு வர, நிறைவேற்று மனு என்று ஒன்று போட வேண்டும். அதற்கு 12 ஆண்டு அவகாசம் உண்டு. 13-ஆவது ஆண்டில் பீரோவைத் திறந்தால் அந்தத் தீர்ப்பு வெறும் காகிதம். கொடுக்கல் வாங்கலில் எழுதும் புரோநோட்டும் அப்படித்தான். கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். "சொந்தக்காரன், எங்கே போயிடப்போறான்" என்று விட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள்.

இனி காவல் நிலையம். இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். புகார் கொடுக்கிறீர்கள். ஒரு ரசீது தருகிறார்கள். அது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களே, அந்தக் காத்திருப்பை நினைத்தால் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. வழக்கு தொடங்குவது எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கையில்தான். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் ஒரு பூர்வாங்க விசாரணைக்கு இடம் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்படி முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். சம்பவம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். அடுத்த முறை ரசீதைக் கையில் வாங்கும்போது, "ஐயா, இது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்களை நடத்தும் விதத்தையே மாற்றும்.

கைது என்றால் வீடே அலறிப்போகிறது. அந்த நேரத்தில்தான் தெளிவு அதிகம் வேண்டும். அரசியலமைப்பின் 22-ஆவது கூறு கைதானவருக்கு மூன்று பாதுகாப்புகளைத் தருகிறது: கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். நடுவர் ரிமாண்ட் செய்தால் அது தண்டனை இல்லை. நீதிமன்றக் காவல் என்றால் சிறை, போலீஸ் காவல் என்றால் விசாரணைக்காகக் காவல்துறையின் பொறுப்பில். ஜாமீன் கிடைத்தால் விடுதலை ஆகிவிட்டதாக இனிப்பு வழங்குகிறார்கள், அதுவும் சரியில்லை. வழக்கு அப்படியே இருக்கிறது, வாய்தாவுக்குப் போகாவிட்டால் வாரண்ட் வரும்.

இதில் ஏழைக் குடும்பங்கள் பெரிதும் இழப்பது ஒன்று உண்டு. ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 நாளுக்குள், மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை போன்ற கடும் குற்றங்களில் 90 நாளுக்குள், காவல்துறை குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உள்ளே இருப்பவர் ஜாமீனில் வெளிவருவது அவருடைய உரிமை. சில தனிச் சட்டங்களில் இந்தக் கணக்கு மாறும். ஆனால் அந்த உரிமை தானாக வராது, கேட்க வேண்டும். 61-ஆவது நாள் கேட்காமல் இருந்து, 65-ஆவது நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அந்த உரிமை போயிற்று. சுவரில் மாட்டிய காலண்டரில் ஒரு வட்டம் போடத் தெரியாததால் ஒரு மனிதன் மாதக்கணக்கில் சிறையில் கிடக்கிறான் என்றால் அது எவ்வளவு பெரிய கொடுமை!

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையே என்று கேட்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு ஒரு வருமான வரம்பு. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். தொலைபேசியில் 15100. அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே போட்ட கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே போடுங்கள்.

சட்டத்தைத் தமிழில் புரியவைக்கும் முயற்சி இன்று புதிதாகத் தொடங்கியது இல்லை. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். நாவல் வெளிவந்த 1879-க்கு முன்பே, 1860-களின் தொடக்கத்தில், அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 'சித்தாந்த சங்கிரகம்' என்று நூலாக்கினார். நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. எதிரே நிற்பவனுக்கும் அது புரிய வேண்டும் என்று உழைத்தார். 1976-இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழி செய்தோம். உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 348-ஆவது கூறின்படி இன்னும் ஆங்கிலம்தான். அங்கேயும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் நிறைவேறவில்லை. அந்தக் கோரிக்கையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதே வேளையில், தமிழில் வரும் சம்மனையே படிக்காமல் பரணில் செருகும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும்.

வாசகர் வட்டத்துக்கு இரண்டு வேண்டுகோள். குற்றவியல், உரிமையியல் நடைமுறைகளை எளிய தமிழில் சொல்லும் நூல்கள் இங்கே ஓர் அலமாரியில் தனியாக இருக்கட்டும். மேல்நிலைப்பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போங்கள். சில தனிப்பட்ட வழக்குகள் நீங்கலாக விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. அமைதியாக உட்கார்ந்து பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. சாட்சிக் கூண்டில் ஒருவர் நிற்பதை, குறுக்கு விசாரணை எப்படி நடக்கிறது என்பதை, குற்றம் சாட்டப்பட்டவரை அங்கே 'எதிரி' என்று அழைப்பதை அவர்கள் நேரில் பார்க்கட்டும், கேட்கட்டும். நாளைக்கு அப்பா கையில் அந்தக் காகிதம் வரும்போது படித்துச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளையாவது இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் நான் உடனே கிளம்பமாட்டேன், அந்த வாசிப்பு மேசையருகே உட்கார்ந்திருப்பேன். யார் வீட்டிலாவது சம்மனோ, வக்கீல் நோட்டீஸோ, சி.எஸ்.ஆர். ரசீதோ இருந்தால் எடுத்து வாருங்கள். கூச்சப்பட வேண்டாம். முதலில் தேதியைப் பார்ப்போம்.