பிள்ளை வீட்டுக்கு வருமுன்



தாய் சேய் நலப் பணியில் இருக்கும் பழைய மாணவிகள் சார்பில் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறோம்.

1926ஆம் ஆண்டு களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அந்த வழியில் இன்று தலைமன்னாரிலும் பேசாலையிலும் மருத்துவமாது வீடு தேடி வருகிறார். ஆனால் அவர் நிற்பது சொற்ப நேரம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை வீட்டாரின் கையில். கிளினிக்கில் அறிவுரை கேட்பவள் கர்ப்பிணி, வீட்டில் முடிவு சொல்பவர் பெரும்பாலும் அம்மா அல்லது மாமி, கணவரோ கடலில். ஆகவே முதற் பிள்ளைக்கான ஆயத்தம் மூவருக்கும் வேண்டும்.

அம்மாமாரே, மாமிமாரே, உங்கள் கைப்பக்குவம் எங்களுக்குத் தேவை. தாய்க்குச் சூடான சாப்பாடும் நித்திரையும் கிடைக்கச் செய்யுங்கள். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கவேண்டும். மஞ்சள் நிற முதற்பாலைப் பிழிந்து ஊற்றவேண்டாம். மன்னார் வெக்கையிலும் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர், சீனித்தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தொப்புளில் எதையும் பூசாதீர்கள். காய்ந்து தானாக விழும். பிள்ளையைத் தலையணையின்றி மல்லாக்கக் கிடத்துங்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே தூக்குங்கள்.

தந்தைமாரே, கடலுக்குப் போகுமுன் முச்சக்கரவண்டிக்கு ஆள் பேசி வையுங்கள். அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் எழும்பாமை, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குதல், காய்ச்சல், உடம்பு குளிர்தல், வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், முதல் 24 மணித்தியாலத்துக்குள் உடல் மஞ்சளாதல், பின்னர் உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவுதல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் சகோதரிகளே, ஊருக்கு அனுப்பும் பெட்டியில் பால்மாப் பேணியும் பால்போத்தலும் வேண்டாம். "பால் காணாதுபோல, மாப்பால் குடு" என்று தொலைபேசியில் சொல்லும் ஒரு சொல் இளந்தாயின் நம்பிக்கையை உடைத்துவிடும். "அடிக்கடி பால் குடு பிள்ளை, மருத்துவமாதுவிட்டயும் கேள்" என்று சொல்லுங்கள்.

இந்த நூற்றாண்டு ஆண்டில் நாம் ஒவ்வொருவரும் தெரிந்த ஒரு முதற் கர்ப்பிணியின் வீட்டுக்காவது போய், மூவரையும் ஒன்றாக இருத்தி இவற்றைப் பேசுவோம்.