ஏழு தேர்ந்தெடுத்த எண்

பக்கத்தில் பேனாவும் காகிதமும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்கிறேன். மூன்று, எட்டு, ஒன்று, ஆறு, ஐந்து, நான்கு, ஏழு, இரண்டு, ஒன்பது, பூஜ்யம். எழுதியாயிற்றா? 3816547290. முந்நூற்று எண்பத்தொரு கோடியே அறுபத்தைந்து லட்சத்து நாற்பத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.

பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் இதில் ஒரே ஒரு முறை வருகிறது. அப்படி வரும் பத்திலக்க எண்கள் 32,65,920 உண்டு. ஆனால் இதை இடப்பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். முதல் மூன்று, 381, மூன்றால் வகுபடும். 3816 நான்கால், 38165 ஐந்தால். இப்படியே நடந்து, முழு எண் பத்தால் வகுபடும். எந்தப் படியிலும் மீதி விழாது. அந்த முப்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம் எண்களில் இந்தக் குணம் இது ஒன்றுக்குத்தான்.

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தா இதைக் கண்டுபிடிப்பது? வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்கே போதும். பத்தால் வகுபட, கடைசியில் பூஜ்யம் வேண்டும். ஐந்தாம் இடத்தில் பூஜ்யமோ ஐந்தோ வரவேண்டும்; பூஜ்யம் போய்விட்டதால் அங்கே ஐந்து. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டைப்படை. மிச்ச இடங்களில் ஒற்றைப்படை. மூன்றாம் இலக்கம் ஒற்றைப்படை என்பதால், நான்கால் வகுபட நான்காம் இடத்தில் இரண்டோ ஆறோதான் நிற்க முடியும். எட்டாம் இடத்துக்கும் அதே நியாயம். மூன்று, ஆறு, எட்டு ஆகியவற்றின் விதிகளையும் சேர்த்தால், மிஞ்சுவது பத்தே பத்து எண்கள். ஒன்பதைப் பற்றிக் கவலையே இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45. எப்படி மாற்றி எழுதினாலும் ஒன்பதால் வகுபட்டுவிடும்.

இப்போது ஏழின் முறை. இரண்டு, மூன்று, ஐந்துக்கு இருப்பதுபோல் பார்த்தவுடன் சொல்லும் எளிய விதி ஏழுக்குக் கிடையாது. உட்கார்ந்து வகுக்கத்தான் வேண்டும். அந்தப் பத்து எண்களில் ஒன்று 9876543210. படிக்கட்டு இறங்குவதுபோல் எத்தனை ஒழுங்கு! மற்ற எல்லாப் படியிலும் அது தேறிவிடுகிறது. ஏழாம் படியில், 9876543-ஐ ஏழால் வகுத்தால் ஐந்து மீதி. அங்கே அது நின்றுவிடுகிறது. இன்னும் எட்டு எண்களும் அதே படியில் விழுகின்றன.

கலைத்துப் போட்ட சீட்டுபோல் தெரிகிற நம் எண்ணோ, 3816547, ஏழால் வகுக்க 545221 என்று மீதியின்றி வருகிறது. ஒழுங்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்கு இந்த எண்ணை இவ்வளவு பிடித்துப்போனது அதனால்தான். இன்றிரவு வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பத்துப் படியையும் வகுத்துப் பாருங்கள். ஏழாம் படியில் மீதி பூஜ்யம் என்று எழுதும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.