வாடிய நுனியைக் கிள்ளுங்கள்



இன்றைய பேச்சு கத்தரிச் செடியைப் பற்றியது. இந்தியாவில் கத்தரிக்காய் பரவலாக விளைகிறது. மேற்கு வங்காளம், ஒடிசா, குஜராத், பீகார் ஆகிய மாநிலங்களில் மிகுதியாக விளைகிறது. கொல்லையில் பத்துச் செடி இருந்தால் போதும். குழம்புக்குக் காய் கிடைக்கும். மிஞ்சியது சந்தைக்குப் போகும். ஆனால் காயை நறுக்கும்போது உள்ளே புழு நெளிந்தால்? பட்ட பாடு வீண். சொத்தைக் காயைச் சந்தையிலும் யாரும் தொடமாட்டார்கள்.

இந்தப் புழு எங்கிருந்து வருகிறது?

ஒரு சிறிய வெள்ளை அந்துப்பூச்சி இரவில் வருகிறது. அதன் இறக்கையில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். இலையின் அடியிலும், மொட்டிலும், காயின் காம்போரத்திலும் முட்டை இடும். சில நாளில் முட்டை பொரிந்து புழு வெளிவரும். வந்த சில மணி நேரத்தில் தண்டுக்குள் துளைத்துப் போய்விடும். இதற்குத் தண்டு மற்றும் காய்ப்புழு என்று பெயர்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீர் போதாவிட்டால் செடி முழுவதும் வாடும். புழு இருந்தால் கொழுந்து நுனி மட்டும் வாடித் தொங்கும். அந்த நுனியைக் கிள்ளுங்கள். நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும்.

காயில் தெரியும் பெரிய ஓட்டை புழு நுழைந்த வழி அல்ல. வெளியே போன வழி. வெளியே வந்த புழு தரைக்கு இறங்கும். சருகுக்குள் கூடு கட்டும். ஏழு, எட்டு நாளில் மீண்டும் அந்துப்பூச்சியாகப் பறக்கும்.

மருந்து அடித்தால் போகாதா என்று பலர் கேட்பார்கள். புழு தண்டுக்குள் இருக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. ஆனால் புழுவைக் கொல்லும் சிறு குளவிகள் செத்துப்போகும். நண்பன் சாகிறான், எதிரி பிழைக்கிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்தே காய் பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கத்தரிக்காயை நாலைந்து நாளுக்கு ஒரு முறை பறிக்கிறார்கள். அவ்வளவு நாள் யார் காத்திருக்கிறார்கள்? காலையில் அடித்த நஞ்சு மாலையில் குழந்தையின் தட்டுக்கு வந்துவிடும். மோனோகுரோட்டபாஸ் என்ற மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-இலேயே அரசு தடை செய்தது. மருந்து டப்பாவில் வைர வடிவக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் அது மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள். அதற்கும் அடுத்தது நீலம். பச்சையில் நஞ்சு குறைவு. ஆனால் அதுவும் நஞ்சுதான். படிக்கக் கற்றவர்கள் கடையிலேயே டப்பாவைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

வாரம் ஒரு முறை தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். வாடிய நுனிகளைக் கிள்ளுங்கள். சொத்தைக் காய்களைப் பறியுங்கள். அவற்றை வேலியோரம் வீசாதீர்கள். எரியுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். சருகுகளைக் கூட்டி எடுங்கள். காய்ந்த கத்தரி மாரை விறகுக்கு அடுக்கி வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வந்து புது நாற்றில் முட்டை இடும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கத்தரி நடாதீர்கள்.

இனக்கவர்ச்சிப் பொறியும் உதவும். பெண் பூச்சியின் வாசனையை நம்பி ஆண் பூச்சி வந்து அதில் மாட்டிக்கொள்ளும்.

இலைக்கு அடியில் அசுவினி மொய்த்தால் வேப்பங்கொட்டைச் சாறு போதும். 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பு. பருப்பை இடித்துத் துணியில் கட்டுங்கள். இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். அன்று மாலையே கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் அதன் வீரியம் சீக்கிரம் குறையும்.

ஆனால் வண்டைப் பார்த்ததும் நசுக்கிவிடாதீர்கள். இரண்டு புள்ளி வண்டுகள் உண்டு. பளபளவென்று மின்னுவது பொறி வண்டு. அது அசுவினியைத் தின்னும். அது நண்பன். மங்கலாக, மெல்லிய மயிருடன் இருப்பது கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் வண்டு. சுரண்டிய இலை சல்லடைபோல் ஆகும். அந்த வண்டைப் பொறுக்கி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு வீட்டுக்காரர் மட்டும் நுனி கிள்ளினால் போதாது. பக்கத்துக் கொல்லையிலிருந்து அந்துப்பூச்சி பறந்து வரும். அதற்கு வேலி தெரியாது. தெருவில் கத்தரி வைத்த எல்லோரும் வாரத்தில் ஒரே நாளில் கிள்ளட்டும். காசு செலவில்லை. கண்ணும் கையும் போதும்.

நாளைக் காலை முதல் செடியைப் பாருங்கள். தலை தொங்கும் நுனி கண்ணில் படும். அங்கிருந்து தொடங்குங்கள்.